ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட் டிலே வெச்சு கப்பல் ஹாரனை கலைக்கிறது எப்படி?

திருவொத்தியூர்_டேப்ஸ்

மக்களே ஒரு ஹெல்ப் வேணும். ஒரு ஷார்ட் ஃபிலிமுக்கு சவுண்ட் டிசைன் பண்ணிட்டு இருக்கேன். கதை காசிமேடு ஹார்பர்ல நடக்குது, ராத்திரி நேரம், கடலுக்குப் போன அண்ணன் திரும்பல, தம்பிக்காரன் படகுங்க கட்டியிருக்குற எடத்துல தனியா உக்காந்துட்டு இருக்கான், அப்போ தூரத்துல துறைமுகம் பக்கத்துல இருந்து ஒரு கப்பல் ஹாரன் அடிக்குது. டைரக்டர் கேக்குறது என்னன்னா மொதல்ல அது நெஜ ஹாரனா கேக்கணும், அப்புறம் ஒவ்வொரு எக்கோவுலயும் கொஞ்சம் கொஞ்சமா ஹாரனே இல்லாம ஆயிடணும், ஆனா பாட்டு மாதிரி ஆயிடக்கூடாது, பேய்ப்பட சவுண்டும் வரக்கூடாது.

வால்ஹல்லா ஃப்ரீக் எக்கோன்னு ஒரு ப்ளகின் (ஆடியோ சாஃப்ட்வேருக்குள்ள ஓடுற எஃபெக்ட்) போட்டு பாத்துட்டு இருக்கேன், ஃப்ரீயா கிடைக்குது, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஷிஃப்ட் (சத்தத்த எத்தன ஹெர்ட்ஸ் தள்ளணும்), டிலே (எக்கோவுக்கு நடுவுல எவ்ளோ நேரம்), ஃபீட்பேக் (எக்கோ எவ்ளோ திரும்ப உள்ள போகணும்), லோ கட், ஹை கட் (கீழ, மேல இருக்குற சத்தத்த வெட்டுறது) எல்லாம் இருக்கு. ஆனா ஷிஃப்ட்ட அதிகமா வெச்சா ஒரேடியா ஸ்பேஸ்ஷிப் ஆயிடுது, கம்மியா வெச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. பிட்ச் ஷிஃப்டருக்கும் இதுக்கும் உண்மையிலயே என்ன வித்தியாசம்னு யாராவது நம்பர் வெச்சு சொன்னா நல்லா இருக்கும்.

ராயபுரம்_ரிவர்ப்

ப்ரோ நல்ல எடத்துல கை வெச்சிருக்கீங்க. நம்பரோடயே சொல்றேன்.

பிட்ச் ஷிஃப்டர் பெருக்கும், ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர் கூட்டும். எல்லாருக்கும் சம்பளத்துல பத்து பர்சென்ட் ஏத்துறதுக்கும், எல்லாருக்கும் ஆயிரம் ரூபா ஏத்துறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரு சத்தத்துல 200, 400, 600 ஹெர்ட்ஸ் இருக்குன்னு வெச்சுக்கோங்க. பிட்ச் ஷிஃப்டர் 250, 500, 750 ஆக்கும், ஒண்ணுக்கு ரெண்டு மூணுங்குற கணக்கு அப்படியே நிக்கும், அதனால காதுக்கு அதே வாத்தியம் வேற சுருதியில கேக்கும். ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர்ல 50 ஏத்துனா 250, 450, 650. கணக்கு போச்சு. அதனாலதான் மணி மாதிரி, தகரம் மாதிரி ஒரு குணம் வருது.

இத டிலே லூப்புக்கு, அதாவது எக்கோ திரும்பத் திரும்ப சுத்துற வளையத்துக்கு, உள்ள வெக்கிறதுதான் மேட்டரே. ஷிஃப்டர் லூப்புக்கு வெளிய இருந்தா எல்லா எக்கோவும் ஒரே அளவு தள்ளி நிக்கும், அவ்ளோதான். உள்ள இருந்தா ஒவ்வொரு ரவுண்டும் இன்னொரு தடவ கூட்டும். 30 ஹெர்ட்ஸ் வெச்சா மொத எக்கோ 30, அடுத்தது 60, பத்தாவது 300. உங்க டைரக்டர் கேக்குற "கொஞ்சம் கொஞ்சமா" இதுலயே இருக்கு.

இன்னொண்ணு, காது பெருக்கல்லதான் கேக்குது. 100ல இருந்து 130 போறது நாலரை செமிடோன் (கீபோர்ட்ல அடுத்தடுத்த கட்டைக்கு உள்ள தூரம்) தாவுது, 370ல இருந்து 400 போறது ஒண்ணே கால் சொச்சம்தான். அதே 30, ஆனா மேல போகப் போக படி சின்னதாயிட்டே வரும். அதனால மேல ஏத்துனா ஆரம்பத்துலயே பெரிய மாற்றம் வந்துடும், அப்புறம் அடங்கிடும். உங்க சீனுக்கு இது தலைகீழ், உங்களுக்கு ஆரம்பம் மெதுவா இருக்கணும். மைனஸ்ல இறக்கிப் பாருங்க.

லோகோ_லூப்

நான் இதுல கொஞ்சம் மாறுபடுறேன் தல. ஹாரன் கலையணும்னா க்ரானுலர் எஃபெக்ட் போட்டு துண்டு துண்டா உடைக்கிறதுதான் சுலபம். ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட் எங்க போட்டாலும் அதே தகர வாடை வரும், கேட்டவுடனே இது ப்ளகின்னு தெரிஞ்சிடுது. பெரம்பூர்ல கேரேஜ் பக்கம் ரெகார்ட் பண்ண ரயில் சத்தத்துல நான் பிட்ச் ஷிஃப்ட் பண்ண டிலேதான் வெச்சேன், நல்லாவே உக்காந்துச்சு.

ராயபுரம்_ரிவர்ப்

தகர வாடை வர்றது சோர்ஸ் சுருதியோட இருக்கும்போதுதான் தல. சுருதியான ஒரு சத்தத்தோட கணக்க உடைக்கும்போது காது அத கவனிக்குது. ரயில் ப்ரேக், ஐஸ் உடைக்கிற மெஷின், பறை, மழை, இதுக்கெல்லாம் உடைக்கிறதுக்கு மொதல்ல கணக்கே இல்ல, அதனால ஷிஃப்ட் பண்ணாலும் ப்ளகின் வாடை வராது, வேற ஒரு இரும்பு, வேற ஒரு தோல் மாதிரிதான் கேக்கும். காசிமேட்டுல விடியக்காலைல ஏலம் நடக்கும்போது ஐஸ் மெஷின் ஓடுற சத்தத்த ஃபோன்ல எடுத்து மைனஸ் 12 ஹெர்ட்ஸ், 180 மில்லிசெகண்ட்ல ஓட விட்டேன், ஏதோ பெரிய செயின கப்பலுக்கு அடியில இழுக்குற மாதிரி வந்துச்சு, க்ரானுலர்ல அந்த கனம் எனக்கு கிடைக்கல.

திருவொத்தியூர்_டேப்ஸ்

அண்ணா மைனஸ் சூப்பர். 30 இறக்குனா கீழ போயி கரைஞ்சு போற மாதிரி இருக்கு. ஆனா ஒரு விஷயம் புரியல. ஷிஃப்ட்ட மைனஸ் 180 கிட்ட கொண்டு போனா கீழ போகவே இல்ல, ஒரு எக்கோ இறங்குது, அடுத்தது ஏறுது, திரும்ப இறங்குது. ஆம்புலன்ஸ் மாதிரி ரெண்டு சத்தம் மாறி மாறி வருது. இது ப்ளகின்ல இருக்குற பக், அதாவது கோளாறா?

ராயபுரம்_ரிவர்ப்

பக் இல்ல ப்ரோ, இந்த ப்ளகின்லயே எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஹாரன். கப்பல் ஹாரனுக்கு சர்வதேச கடல் விதியிலயே அளவு இருக்கு. 200 மீட்டரும் அதுக்கு மேலயும் நீளம் உள்ள கப்பலுக்கு 70ல இருந்து 200 ஹெர்ட்ஸ், 75ல இருந்து 200 மீட்டர் வரைக்கும் 130 டு 350, அதுக்கும் சின்னதுக்கு 250 டு 700. அதாவது கப்பல் பெருசாக பெருசாக ஹாரன் கனக்கும். நம்ம ஊர் துறைமுகத்துக்கு வர்ற கன்டெய்னர் கப்பல் எல்லாம் பெருசு. உங்க ஹாரன் 100 ஹெர்ட்ஸ்னு வெச்சுக்குவோம், அதோட மடங்கா மேல 200, 300னு ஹார்மோனிக்ஸ்.

இப்போ மைனஸ் 180. 100ல இருந்து 180 கழிச்சா மைனஸ் 80. மைனஸ் 80 ஹெர்ட்ஸ்னு ஒரு சத்தத்த ஸ்பீக்கர் தனியா குடுக்க முடியாது, ஃபேஸ் திரும்பின 80ஆத்தான் வெளிய வரும். அந்த 80 லூப்புக்குள்ள திரும்பப் போகும்போது ஷிஃப்டருக்கு அது சாதாரண 80தான், அதுல இருந்து திரும்ப 180 கழிக்குது, மைனஸ் 100, ஆக 100. அடுத்து திரும்ப 80. இப்படியே 100, 80, 100, 80. அதே நேரத்துல 300 இருக்கே அது 120, 60, 120, 60ன்னு ஆடும். 200 வந்து 20, 160, 20, 160. எல்லா ஹார்மோனிக்கும் ஒவ்வொரு ஊஞ்சல்ல ஆடுது, நீங்க கேட்ட ரெண்டு சத்தம் அதுதான்.

மைனஸ் 30ல இது நடக்கலியான்னா நடக்குது, ஆனா காதுக்கு எட்டாம. 100, 70, 40, 10, அப்புறம் 20, 10, 20, 10. 30க்கு கீழ ஒரு குழிக்குள்ள விழுந்துட்டு அங்கயே சுத்திட்டு இருக்கும். ஹார்மோனிக்ஸ் எல்லாமும் லேட்டா வந்து அதே குழியில விழும். உங்களுக்கு கரைஞ்சு போற மாதிரி கேக்குது, ஆனா மீட்டர் பாத்தீங்கன்னா இன்னும் ஏறியே நிக்கும். அந்த கேக்காத பெஸ் தான் கம்ப்ரஸர (சத்தம் ஏறுனா அமுக்குற எஃபெக்ட்) தள்ளி மத்த சத்தத்தையெல்லாம் அமுக்கும். அதனால லோ கட்ட 40, 50 கிட்ட வைங்க, கண்டிப்பா லூப்புக்கு உள்ள. லாஸ்ட்ல ஒரு ஈக்யூ போட்டு வெட்டுனா லூப்புக்குள்ள இருக்குறது அப்படியேதான் இருக்கும்.

கொருக்குப்பேட்டை_கீஸ்

இந்த ஊஞ்சல் மேட்டர சுருதியோடவும் புடிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் நோட்டுக்கு மைனஸ் 250 வெச்சா 100, 150, 100, 150ன்னு ஆடும், அதாவது ஸவும் பவும். ஹார்மோனிக்ஸ் எல்லாமும் 50ஓட மடங்குலயே விழும், அதனால கணக்கு கெடாது. நான் கீபோர்ட் பெஸ் லைனுக்கு கீழ இத ஓட விட்டு ஒரே நோட்ட அமுக்கிட்டே இருக்கும்போது அடியில தானா தாளம் போடுற மாதிரி செஞ்சிருக்கேன். டேப்ஸ் தம்பி, உங்க டைரக்டர் பாட்டு வேணாம்னு சொன்னதால நீங்க 250 கிட்ட போகாதீங்க, 180ஓ 215ஓ நல்லது.

மேல ஏத்துறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். நோட்டோட பாதி அளவு ஏத்துனா, 100க்கு 50 ஏத்துனா, 150, 250, 350ன்னு வரும். இது 50ஓட மூணாவது, அஞ்சாவது, ஏழாவது ஹார்மோனிக். ஒத்தப்படை மட்டும் இருக்குறதால கிளாரினெட் மாதிரி ஒரு பொந்து சத்தம் வரும். எல்லாரும் ஷிஃப்ட்ட கண்ண மூடிட்டு சுத்துறாங்க, நோட்டு என்ன ஹெர்ட்ஸ்னு ஒரு ட்யூனர்ல பாத்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி வெச்சா இது ஒரு வாத்தியமாவே ஆயிடும்.

மைக்செட்_வியாசர்பாடி

இன்னாபா ஹார்பர் ஹார்பர்னு ஒரே பேச்சா கீது, நம்ப லைன்லயும் இது கீது. கூழ் ஊத்துற கோயில் ப்ரோகிராம்ல குழா ஸ்பீக்கர் முன்னாலயே மைக்க புட்ச்சினு நிப்பாங்கோ, ஊளை வுடும், இன்னா பண்ணுவ? அதுக்குன்னே ஷிஃப்டர் பொட்டி கீது. மான்ஃப்ரெட் ஷ்ரோடர்னு ஒர்த்தரு, அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்தவரு, 1960கள்லயே எழுதி வெச்சுட்டாரு, மைக்குல வர்ற சத்தத்த ஒரு 5 ஹெர்ட்ஸ் தள்ளி ஸ்பீக்கருக்கு வுட்டா ஊளை லேட்டாவுதுன்னு. ஏன்னா ஊளைன்னா ஒரே ஃப்ரீக்வென்சி சுத்தி சுத்தி வந்து வளர்றது. இங்க ஒவ்வொரு சுத்துக்கும் அது 5 தள்ளி பூடுது, ஒரு எடத்துல உக்காந்து வளர முடியல. பேச்சுக்கு 5 தள்ளுனா யாருக்கும் தெரியாது. பாட்டுக்கு வெச்சா கீபோர்ட் வாசிக்கிற அண்ணாத்த திரும்பி பாப்பாரு.

உங்க டிலேவும் அதே லூப்புதான். அதனாலதான் சாதா டிலேவ வுட இதுல ஃபீட்பேக் ஜாஸ்தி தாங்குது. அதுக்குன்னு நூறுக்கு மேல வெச்சுட்டு ஹெட்ஃபோன்ல கேக்காத நைனா, காது பூடும், பின்னால சத்தம் ஒரு அளவுக்கு மேல போவாம தடுக்குற லிமிட்டர் ஒண்ணு போட்டுக்கோ.

லோகோ_லூப்

இது எனக்கு புது விஷயம் தல, அந்த லாஜிக்ல பாத்தா ஷிஃப்ட் டிலே ரிவர்ப் (பெரிய ஹால்ல சத்தம் நீளுற எஃபெக்ட்) மாதிரியும் வேல செய்யணுமே? அப்புறம் ரீப்பர் சாஃப்ட்வேர் வெச்சிருக்கவங்க எப்படி சொந்தமா கட்டுறது, எனக்கு ஹை கட்டுக்கு பதிலா லூப்புக்குள்ள டிஸ்டார்ஷன் வெக்கணும்.

ராயபுரம்_ரிவர்ப்

வேல செய்யும். டிலேவ சின்னதாக்குங்க. எவ்ளோ வேகமா சறுக்குதுங்குறது ஷிஃப்ட்ட டிலேவால வகுத்தா வரும். 30 ஹெர்ட்ஸ், 250 மில்லிசெகண்ட்னா செகண்டுக்கு 120 ஹெர்ட்ஸ், ஆனா படி படியா கேக்கும். 2 ஹெர்ட்ஸ், 20 மில்லிசெகண்ட்னா செகண்டுக்கு 100 ஹெர்ட்ஸ், வேகம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா படியே தெரியாம வழுக்கும். ஒரே சிக்கல், டிலே சின்னதானா ஃபீட்பேக் நெறைய வேணும். 70 பர்சென்ட்னா ஒவ்வொரு சுத்துக்கும் 3 டெசிபல் போகும், 250 மில்லிசெகண்ட்ல பத்து சுத்து ரெண்டரை செகண்ட் ஓடும், 20 மில்லிசெகண்ட்லன்னா அதே பத்து சுத்து 0.2 செகண்ட்ல முடிஞ்சிடும். 97 பர்சென்ட் வெச்சா 60 டெசிபல் இறங்க நாலரை செகண்ட் ஆகும். அப்போதான் அது ரிவர்ப் வால் மாதிரி நீளும், சறுக்கிட்டே போகும்.

ஷிஃப்ட்ட 0.2 ஹெர்ட்ஸ் மாதிரி ரொம்ப கம்மியா வெச்சு, டிலே அஞ்சு மில்லிசெகண்ட், ட்ரை சிக்னலையும் (எஃபெக்ட் போடாத அசல் சத்தம்) பாதிக்கு பாதி கலந்தீங்கன்னா முடிவே இல்லாம ஏறிட்டே இருக்குற ஃபேஸர் (சத்தம் சுழல்ற மாதிரி கேக்குற எஃபெக்ட்) கிடைக்கும். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ சுத்தி வரும், ஆனா எங்க திரும்புதுன்னு காதால புடிக்கவே முடியாது. கடல் அலை சத்தத்துல இத போட்டு கேளுங்க, அலை கரைக்கு வந்து உடையவே மாட்டேங்குது. உக்காந்து கேட்டுட்டே இருக்கலாம்.

சொந்தமா கட்டணும்னா ரீப்பர்ல ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல ரூட்டிங்ல ஃபீட்பேக் அனுமதிக்கிற டிக் ஒண்ணு இருக்கு, அத போட்டுட்டு ஒரு ட்ராக்ல ஷிஃப்டர், ஃபீட்பேக் சைபர் வெச்ச டிலே, உங்க டிஸ்டார்ஷன், ஃபில்டர், லிமிட்டர்னு வரிசையா வெச்சு, இன்னொரு ட்ராக் வழியா திரும்ப அதுக்கே அனுப்புங்க. ஏபிள்டன் லைவ் சாஃப்ட்வேர்ல ரிட்டர்ன் ட்ராக்கோட சென்ட ரைட் க்ளிக் பண்ணி எனேபிள் பண்ணா அதே ட்ராக்குக்கு திருப்பி விடலாம். லைவ் 11.1ல வந்த ஷிஃப்டர்ல பிட்ச், ஃப்ரீக்வென்சி, ரிங் மூணு மோடும் ஒரே எடத்துல இருக்கு, லோகோ தல உங்க பிட்ச் டிலேவயும் இதயும் அதே லூப்புல மாத்தி மாத்தி கேக்க வசதி.

இந்த சர்க்யூட்டெல்லாம் ஹரால்ட் போடேன்னு ஒரு ஜெர்மன் எஞ்சினியர் அனலாக்லயே கட்டினது, மூக் கம்பெனி அவர் பேர்லயே அத தங்களோட மாடுலர்ல வெச்சு வித்துச்சு. அப்போ அதுக்குன்னு தனி ஹார்ட்வேர் வேணும். இப்போ பழைய லாப்டாப்ல ஓடுது.

புளியாந்தோப்பு_கானா

கானா குரல்ல இத யாராச்சும் வெச்சிருக்கீங்களா? நான் பயங்கரமா எதிர்க்குறேன். மரண கானால குரல்தான் எல்லாமே, அந்த இழுவையில ஒரு ஸ்வரம் தப்புனாலும் அழுகை போயிடும். செத்தவர் வீட்டு வாசல்ல பாடுற குரல ரோபோ ஆக்குனா அது அவங்கள அவமதிக்கிற மாதிரி எனக்கு படுது.

கொருக்குப்பேட்டை_கீஸ்

அண்ணா உங்க கவலை நியாயம். பாடுற குரல 30, 40 எல்லாம் தள்ளக்கூடாது, சுருதியே கெட்டுப் போயிடும். நான் செய்யுறது ஒண்ணு தான், ட்ரை குரல் அப்படியே நிக்கும், அதுக்கு பின்னால ரொம்ப சின்னதா 1, 2 ஹெர்ட்ஸ் தள்ளுன எக்கோ. 200 ஹெர்ட்ஸ்ல 2 தள்ளுனா 17 சென்ட் (நூறு சென்ட் ஒரு செமிடோன்), 400ல பாதிதான், எட்டரை. குரல் மேல போகப் போக எக்கோ சுருதிக்கு கிட்ட வரும், கீழ எறங்குனா விலகும். கோரஸ் எஃபெக்ட்ல இது கிடையாது. பாடுறவர் உச்சத்துல நிக்கும்போது பின்னால எல்லாரும் கூடவே நிக்கிற மாதிரியும், எறங்கும்போது அவர் மட்டும் தனியா விட்டுப்போன மாதிரியும் வரும். ஒருதடவ அளவா வெச்சு கேளுங்கண்ணா, பிடிக்கலன்னா விட்டுடலாம்.

புளியாந்தோப்பு_கானா

சரிம்மா, தள்ளுற அளவு அவ்ளோதான்னா கேட்டுப் பாக்குறேன். டோலக்குக்கும் சட்டிக்கும் வேணா எவ்ளோ வேணா வைங்க, அதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல.

லோகோ_லூப்

டோலக்குக்கு ஒரு டிப். ட்ரை சத்தத்தையும் ஷிஃப்ட் பண்ண சத்தத்தையும் கலந்தா ஷிஃப்ட் எத்தன ஹெர்ட்ஸோ செகண்டுக்கு அத்தன தடவ சத்தம் ஏறி எறங்கும். பாட்டோட பிபிஎம்ம (நிமிஷத்துக்கு எத்தன தட்டு) 60ஆல வகுத்து அத ஷிஃப்ட்டா வெச்சா அந்த ஏத்த எறக்கம் தாளத்துல உக்காரும். 120ன்னா 2 ஹெர்ட்ஸ், 90ன்னா ஒன்றரை. ராயபுரம் தல சொன்ன லூப்ப கட்டி ஓட்டுனேன், ரயில் ப்ரேக்குக்கு மட்டும் நான் கட்சி மாறிட்டேன். வயலினுக்கு இன்னும் பிட்ச்தான்.

திருவொத்தியூர்_டேப்ஸ்

எல்லாருக்கும் பெரிய நன்றி. மைனஸ் 7ல ஆரம்பிச்சு ஆட்டோமேஷன்ல மெதுவா மைனஸ் 180 வரைக்கும் கொண்டு போறேன், டிலே 640, ஃபீட்பேக் 80. ஆரம்பத்துல ஹாரன் லேசா களைச்சுப் போன மாதிரி இருக்கு, நடுவுல அடையாளம் தெரியாம போகுது, கடைசியில அந்த ஊஞ்சல் மட்டும் ஆடிட்டு நிக்குது, பையன் மூஞ்சிக்கு க்ளோஸப் வர்ற எடம் அது. டைரக்டர் கேட்டுட்டு ஒண்ணும் பேசாம திரும்ப ப்ளே பண்ணச் சொன்னாரு.

ரெண்டு பிரச்சன இருக்கு. லெஃப்ட்ல ப்ளஸ் 1, ரைட்ல மைனஸ் 1 வெச்சு அலை சத்தத்த அகலமாக்குனேன், ஹெட்ஃபோன்ல அருமை, ஃபோன் ஸ்பீக்கர்ல அலை விட்டு விட்டு கேக்குது. இன்னொண்ணு, ஹாரன் லூப்புல எங்கயோ ஒரு மெல்லிசா கீச்சுன்னு ஒரு சத்தம் நகர்ந்துட்டே இருக்கு, ஹாரன்ல அது இல்ல.

ராயபுரம்_ரிவர்ப்

மொதல் விஷயம் மோனோ. ப்ளஸ் 1ம் மைனஸ் 1ம் ஒரே ஸ்பீக்கர்ல கூடுனா அது வெறும் ட்ரெமோலோ ஆயிடும், செகண்டுக்கு ரெண்டு தடவ சைபருக்கு போயிட்டு வரும். லெஃப்ட் ரைட் ரெண்டுலயும் ப்ளஸ்ஸே வைங்க, ஆனா டிலே டைம் ரெண்டுக்கும் வேற வேறயா குடுங்க. இல்லன்னா ட்ரை சிக்னல நடுவுல கொஞ்சம் தூக்குங்க, அப்போ முழுசா அணையாது.

ரெண்டாவது, அது அனேகமா கரண்ட் ஹம். நம்ம ஊர்ல 50 ஹெர்ட்ஸ், அதோட 100, 150, 200ன்னு எல்லாம் கூடவே வரும். ரெகார்டிங்ல அது ஒரே எடத்துல நிக்கிற வரைக்கும் காது கண்டுக்காது, லூப்புக்குள்ள போனதும் நகர ஆரம்பிக்குது, நகர்ற எதையும் காது விடாது. அதோட மேல் ஹார்மோனிக்ஸ்தான் உங்களுக்கு கீச்சுன்னு கேக்குறது. ஹாரனுக்கு முன்னால ஒரு அரை செகண்ட் வெத்து இடம் இருக்கும்ல, அத மட்டும் வெட்டி லூப்புக்குள்ள விட்டுப் பாருங்க, கீச்சு வந்தா ஹம்தான். லூப்புக்கு முன்னால டிநாய்ஸ் (இரைச்சல எடுக்குற எஃபெக்ட்) போடுங்க, ஆனா 100 கிட்ட நாட்ச் வெச்சு வெட்டிடாதீங்க, ஹாரனே அங்கதான் இருக்கு. திரும்ப ரெகார்ட் பண்ண வாய்ப்பு இருந்தா சார்ஜர கழட்டிட்டு பேட்டரில எடுங்க.